குற்றவாளி நொதியைத் தேடி

1938-ல் மெல்போர்ன் நகரத்தின் வால்ட்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வகத்தில் இரண்டு பேர் கினிப்பன்றியின் நுரையீரலுக்குள் நாகப்பாம்பின் நஞ்சைச் செலுத்திக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஆய்வகத்தின் இயக்குநர் சார்ல்ஸ் கெல்லவே. மற்றவர் வில்ஹெல்ம் ஃபெல்ட்பெர்க். யூதர் என்பதற்காக 1933-ல் பெர்லினில் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, லண்டன் வழியாக உலகின் அந்தக் கோடிக்கு வந்து சேர்ந்தவர். நஞ்சு கலந்த நீர்மம் நுரையீரலின் ரத்தக் குழாய்களுக்குள் போய் மறுபக்கம் வடிந்தது. வடிந்ததைப் பிடித்துக் கினிப்பன்றியின் குடல் துண்டொன்றின் மீது விட்டுப் பார்த்தார்கள். குடல் சுருங்கியது. ஹிஸ்டமின் பட்டாலும் குடல் சுருங்கும். ஆனால் சட்டென்று சுருங்கிச் சட்டென்று விரிந்துவிடும். இது மெல்லச் சுருங்கி, நெடுநேரம் அப்படியே கிடந்து, மெல்ல விரிந்தது. இன்ன பொருள் என்று தெரியாததால் அதன் நடத்தையையே பெயராக்கி, ‘மெதுவாக வினைபுரியும் பொருள்’ என்று எழுதி வைத்தார்கள். அதன் வேதி உருவம் தெரியவர மேலும் 41 ஆண்டுகள் பிடித்தன.

அந்தப் பொருள் நஞ்சில் இருக்கவில்லை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. நாக நஞ்சில் பாஸ்போலிப்பேஸ் ஏ2 என்ற நொதி ஏராளமாக உண்டு. செல்லின் சவ்வில் இருக்கும் கொழுப்பு மூலக்கூறை அது ஒரு குறிப்பிட்ட இடத்தில் வெட்டும். பாம்பு கொண்டுவந்தது கத்தரிக்கோல் மட்டும். துணி நுரையீரலுடையது, தைத்த கைகளும் நுரையீரலுக்குள்ளேயே இருந்தவை. கடிபட்டவரின் உடலில் எரிகிறதில் ஒரு பகுதி பாம்பின் சரக்கே அல்ல. இந்தச் செய்தி நமக்கு அவ்வளவு உவப்பானதாக இருக்க முடியாது. வெளியிலிருந்து ஒரு பகைவன் வந்தான், அவனால் கெட்டோம் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது. அந்த நிம்மதிக்காகவே மருத்துவம் நூறாண்டுகளாக உடலுக்குள் ஒரு குற்றவாளியைத் தேடிவருகிறதோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு. வெளியே கிடைக்காதபோது உள்ளேயே ஒரு நொதியைப் பிடித்துக் கூண்டில் நிறுத்துகிறோம்.

அந்தக் கூண்டில் யார் யார் நின்றார்கள் என்று பார்ப்பதற்கு முன் செல்லுக்குள் நடப்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

நம் வெள்ளணுக்களின் சவ்வில் அராகிடோனிக் அமிலம் என்ற கொழுப்பமிலம் அடங்கிக் கிடக்கிறது. 20 கார்பன் அணுக்களும் 4 இரட்டைப் பிணைப்புகளும் கொண்ட சங்கிலி. ஹிஸ்டமினை மாஸ்ட் செல்கள் முன்கூட்டியே செய்து பொதிகளில் அடைத்து வைத்திருக்கும். கிருமியோ மகரந்தமோ வந்தால் பொதியை அவிழ்ப்பதுதான் பாக்கி. அழற்சியைக் கிளப்பும் கொழுப்புகளுக்கு அப்படிக் கிடங்கு கிடையாது. தேவை வந்த நொடியில், செல் தன் சவ்வையே வெட்டி அவற்றைச் செய்தாக வேண்டும். கிருமி தொட்டதும் செல்லுக்குள் கால்சியம் ஏறுகிறது. அதுவரை செல்லின் நீர்மத்தில் மிதந்துகொண்டிருந்த நம்முடைய சொந்த பாஸ்போலிப்பேஸ் ஏ2 உட்சவ்வுகளை நோக்கி நகர்ந்து ஒட்டிக்கொண்டு வெட்டத் தொடங்குகிறது. பாம்பின் நொதியும் இதுவும் அமைப்பில் வேறானவை; வெட்டும் இடம் ஒன்றே.

வெட்டுண்ட அமிலத்துக்கு முன்னால் இரண்டு பெருவழிகள் உண்டு. ஒன்று சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியின் வழி. அது அமிலத்தை வளைத்து ஒரு இடைநிலைப் பொருளாக்கிக் கையைக் கழுவிவிடும். அதன் பிறகு எந்தச் செல்லில் எந்தக் கடைசி நொதி இருக்கிறது என்பதைப் பொறுத்தே விளைபொருள் அமையும். கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் என்ற வெள்ளணுவில் பெரும்பாலும் புராஸ்டாகிளாண்டின் இ2 பிறக்கும். காய்ச்சல், வலி, சிவப்பு, வீக்கம் எல்லாவற்றிலும் அதற்குப் பங்குண்டு. ரத்தத் தட்டணுவில் திராம்பாக்சேன் பிறக்கும். அது ரத்தத்தை உறையத் தூண்டும். ரத்தக் குழாயின் உட்சுவரில் புராஸ்டாசைக்ளின் பிறக்கும். அது உறைதலைத் தடுக்கும். ஒரே மூலப்பொருள், ஒரே முதல் படி. கடைசியில் கிடைப்பவையோ ஒன்றுக்கொன்று எதிரானவை.

இன்னொரு வழி 5-லிப்பாக்சிஜனேஸுடையது. இதன் பட்டறை செல்லின் வெளிச்சுவரில் இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம்; சண்டை வெளியேதானே நடக்கிறது. ஆனால் இந்த நொதி உட்கரு உறைக்குப் போய் அமர்கிறது. அங்கே ஒரு துணைப்புரதம் அராகிடோனிக் அமிலத்தை அதன் கையில் எடுத்துக் கொடுக்கிறது. விளைவது லியூக்கோட்ரையீன் ஏ4. வெறும் நீரில் சில விநாடிகளே தாங்கும் பொருள். அந்த விநாடிகளுக்குள் அடுத்த நொதி அதைப் பிடித்துவிட வேண்டும். நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்களில் ஹைட்ரோலேஸ் என்ற நொதி பிடித்து லியூக்கோட்ரையீன் பி4 ஆக்கும். மாஸ்ட் செல்லிலும் ஈசினோஃபிலிலும் வேறொரு நொதி பிடித்து சி4 ஆக்கும்.

சி4-உம் அதிலிருந்து பிறக்கும் டி4, இ4 என்பவையும் சேர்ந்தவைதான் மெல்போர்னில் குடலைச் சுருக்கிய அந்தப் பொருள். 1979-ல் ஸ்டாக்ஹோம் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பெங்ட் சாமுவெல்சனின் குழு அதன் உருவத்தை வரைந்து காட்டியது. ஆஸ்துமாக்காரரின் மூச்சுக்குழாயை நெரிக்கும் கைகளில் ஒன்று அது. இன்று நம் ஊர் மருந்துக் கடையில் மூக்கொழுகலுக்கும் இருமலுக்கும் எடுத்துக் கொடுக்கப்படும் மான்டெலுகாஸ்ட், அந்தக் கை பற்றும் பிடியை மறைக்கும் மாத்திரை. அது மனநிலையைப் பாதிக்கக்கூடும் என்று 2020-ல் அமெரிக்க மருந்து நிர்வாகம் தன் கடுமையான எச்சரிக்கையைச் சேர்த்தது. நம் கடைக்காரர்கள் அதைப் படித்ததற்கான அறிகுறி எதுவும் என் கண்ணில் படவில்லை.

பி4-இன் வேலை வேறு. அது அழைப்பு விடுக்கும். 2013-ல் டிம் லேமர்மன் குழுவினர் எலியின் காதுத் தோலில் லேசர் கொண்டு ஒரு சிறு புண்ணை உண்டாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முதலில் வந்த சில நியூட்ரோஃபில்கள் செத்ததும், பி4 பரவி, தொலைவில் இருந்தவை எல்லாம் ஒரே புள்ளியை நோக்கித் திரண்டு வந்தன. பி4-ஐ உணரும் ஏற்பி இல்லாத நியூட்ரோஃபில்கள் தொலைவிலிருந்து வரவில்லை. இதில் இன்னொரு விந்தையும் உண்டு. நியூட்ரோஃபிலிலிருந்து ஏ4 மிகுந்து வெளியே கசிந்தால், பக்கத்தில் போகும் சிவப்பணு அதை வாங்கி பி4 ஆக்கிக் கொடுக்கும். சிவப்பணுவால் அராகிடோனிக் அமிலத்திலிருந்து ஏ4 செய்ய முடியாது. கடைசி நொதி மட்டும் அதனிடம் இருக்கிறது. ஆக்சிஜன் சுமப்பதைத் தவிர வேறெதுவும் அறியாத அப்பாவி என்று நாம் பள்ளியில் படித்த சிவப்பணு அது. தட்டணுவும் இப்படியே ஏ4-ஐ வாங்கி சி4 ஆக்கும். குற்றவாளியைத் தேடுகிறவர்களுக்கு இது ஒரு சங்கடம். கருவி ஒரு வீட்டில், சரக்கு ஒரு வீட்டில் என்றால் யாரைக் கைது செய்வது?

முதலில் கூண்டில் நின்றது சைக்ளோஆக்சிஜனேஸ்தான். 1897-ல் பேயர் நிறுவனத்தில் தூய ஆஸ்பிரின் செய்யப்பட்டது. 1899-ல் சந்தைக்கு வந்தது. உலகமே விழுங்கியது. அது எப்படி வேலை செய்கிறது என்று 1971-ல் லண்டனில் ஜான் வேன் காட்டும்வரை, எழுபது ஆண்டுகளுக்கு மேல், யாருக்கும் தெரியாது. அந்தப் பொருள் புராஸ்டாகிளாண்டின் உருவாவதைத் தடுக்கிறது என்பதே அவர் கண்டது. 1982-ல் அவருக்கும் சாமுவெல்சனுக்கும் சூனே பெர்க்ஸ்ட்ரோமுக்கும் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. காரணம் தெரியாத எழுபது ஆண்டுகளில் ஆஸ்பிரின் செய்ததைவிட, காரணம் தெரிந்த பின்வந்த முப்பது ஆண்டுகளில் அதன் வாரிசுகள் செய்தவை அதிக விறுவிறுப்பானவை.

1990-களின் தொடக்கத்தில் சைக்ளோஆக்சிஜனேஸ் ஒன்றல்ல, இரண்டு என்று தெரிந்தது. காக்ஸ்-1 எப்போதும் இருப்பது. வயிற்றின் உட்சுவரைக் காப்பது. காக்ஸ்-2 பெரும்பாலும் அழற்சி வந்தால் பெருகுவது. இதைவிட எளிதாக நல்லவன், கெட்டவன் என்று பிரிக்க ஒரு சந்தர்ப்பம் வாய்க்குமா? முதலாவதைத் தொடாமல் இரண்டாவதை மட்டும் அடைத்தால் வலியும் போகும், வயிற்றுப் புண்ணும் வராது. மருந்து நிறுவனங்கள் ஓடத் தொடங்கின. 1995-ல் காக்ஸ்-2 மரபணு நீக்கப்பட்ட எலிகளைப் பற்றி இரண்டு ஆய்வுகள் வெளிவந்தன. அந்த எலிகளின் சிறுநீரகங்கள் சீர்கெட்டிருந்தன. நொதியே இல்லாதபோது அழற்சி மறைந்திருக்க வேண்டும். அது எதிர்பார்த்தபடி மறையவும் இல்லை. எலிகள் சொன்னதைக் கேட்பதா, சந்தை சொன்னதைக் கேட்பதா என்ற கேள்வியில் சந்தை வென்றது.

1999 மே மாதம் அமெரிக்காவில் மெர்க் நிறுவனத்தின் ரோஃபகாக்சிப், வயாக்ஸ் என்ற பெயரில் அனுமதி பெற்றது. அதற்கு அடுத்த மாதமே லண்டனிலிருந்து டெரெக் கில்ராயும் அவர் உடனுழைத்தோரும் ஒரு சிறிய கட்டுரையை வெளியிட்டார்கள். எலியின் மார்புறையில் அழற்சியை உண்டாக்கி, நாள்பட அவர்கள் காக்ஸ்-2 அளவைப் பார்த்தார்கள். முதல் சில மணி நேரத்தில் அது ஏறியது, எதிர்பார்த்ததுதான். வீக்கம் வடியத் தொடங்கிய 48-ஆம் மணி நேரத்தில் அது மறுபடியும், முன்பைவிட அதிகமாக ஏறியது. இம்முறை அது செய்தவை அழற்சியை அடக்கும் வேறு புராஸ்டாகிளாண்டின்கள். அந்தக் கட்டத்தில் காக்ஸ்-2-ஐத் தடுத்தபோது தணிந்துகொண்டிருந்த அழற்சி நீண்டது. தீ வைத்தவன் என்று பிடிக்கப்பட்டவனே இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் சுமந்துகொண்டிருந்தான். ஒரு மருந்து பெட்டியில் ஏறிய மாதமும் அதைப் பற்றிய ஐயம் அச்சேறிய மாதமும் அடுத்தடுத்து அமைந்ததை யாரும் பெரிதாகப் பொருட்படுத்தவில்லை. அதே ஆண்டு காரெட் ஃபிட்ஸ்ஜெரால்டின் குழு இன்னொன்றையும் சொன்னது. இந்த மருந்துகள் ஆரோக்கியமானவர்களிடமும் புராஸ்டாசைக்ளினைக் குறைக்கின்றன; தட்டணுவின் திராம்பாக்சேனையோ தொடுவதில்லை. உறையவைப்பவனை விட்டுவிட்டு, உறையாமல் காப்பவனை அடக்குவதன் விளைவு என்னவாக இருக்கும் என்று ஊகிக்கப் பெரிய படிப்பு வேண்டாம்.

2000-ல் வெளிவந்த விகார் ஆய்வில் 8,000-க்கும் மேற்பட்ட முடக்குவாத நோயாளிகள் இருந்தார்கள். வயாக்ஸ் எடுத்தோரில் 0.4 விழுக்காட்டினருக்கு மாரடைப்பு. நாப்ராக்சென் என்ற பழைய மாத்திரை எடுத்தோரில் 0.1. இந்த இடைவெளிக்குத் தரப்பட்ட விளக்கத்தை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். வயாக்ஸ் இதயத்தைக் கெடுக்கவில்லை, நாப்ராக்சென் இதயத்தைக் காக்கிறது என்றார்கள். போட்டி நிறுவனத்தின் மாத்திரைக்கு இவ்வளவு தாராளமாகப் புகழாரம் சூட்டிய நிறுவனம் மருந்து வரலாற்றில் வேறு இருக்குமா என்பது ஐயமே. 2004 செப்டம்பர் 30-ல் மெர்க் அந்த மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்தது. அதே ஆண்டு டிசம்பரில் இந்தியாவிலும் தடை வந்தது. 2007-ல் வழக்குகளைத் தீர்க்க 485 கோடி டாலர் தர அந்த நிறுவனம் இணங்கியது.

ஆஸ்பிரின் மட்டும் இந்தக் கதையில் ஒரு தனி ஆள். அது காக்ஸ்-1-இன் ஒரு குறிப்பிட்ட இடத்தில் ஒரு சிறு அசிட்டைல் தொகுதியை நிரந்தரமாக ஒட்டிவிட்டுப் போகிறது, நொதி செயலிழக்கிறது. காக்ஸ்-2-இலும் அதே இடத்தில் ஒட்டுகிறது. ஆனால் காக்ஸ்-2 சாவதில்லை. அதன் கைவேலை மாறிவிடுகிறது. வழக்கமான புராஸ்டாகிளாண்டினுக்குப் பதிலாக வேறொரு பொருளைச் செய்து வெளியேவிடுகிறது. பக்கத்தில் இருக்கும் நியூட்ரோஃபில் அதை வாங்கித் தன் 5-லிப்பாக்சிஜனேஸால் லிப்பாக்சின் வகைப் பொருளாக மாற்றுகிறது. 1995-ல் சார்ல்ஸ் செர்ஹானும் ஜோன் கிளாரியாவும் இதைக் காட்டினார்கள். லிப்பாக்சின் நியூட்ரோஃபில் படையெடுப்பை நிறுத்தச் சொல்லும் பொருள். அதாவது, அழற்சியைக் கிளப்பும் இரண்டு பேர்பெற்ற நொதிகள் கைகோத்து, அழற்சியை முடிக்கும் ஒன்றைச் செய்கின்றன. தடுப்பான் என்று நாம் பெயரிட்ட ஆஸ்பிரின் அங்கே தரகு வேலை பார்க்கிறது.

இந்தத் தரகர் இல்லாமலும் அதைச் செய்துகொள்ள உடலுக்குத் தெரியும். அழற்சி தொடங்கிய சில மணி நேரங்களில் பெருகும் புராஸ்டாகிளாண்டின் இ2-தான் நியூட்ரோஃபிலுக்குள் 15-லிப்பாக்சிஜனேஸ் என்ற நொதியைப் பிறப்பிக்கிறது. அந்த நொதி வந்ததும் செல் லியூக்கோட்ரையீன் செய்வதைக் குறைத்து லிப்பாக்சினுக்கு மாறுகிறது. 2001-ல் புரூஸ் லெவியும் செர்ஹானும் இதை விவரித்தார்கள். எனவே தொடக்கத்திலேயே இ2-ஐ முற்றாக அடக்கிவிட்டால், முடிவுக்கான உத்தரவும் எழுதப்படாமல் போகலாம். மீன் எண்ணெயின் கொழுப்பமிலங்களிலிருந்து பிறக்கும் ரிசால்வின் முதலியவற்றையும் இதே குடும்பத்தில் சேர்ப்பார்கள். அவை மனித ரத்தத்தில் உண்மையில் எவ்வளவு இருக்கின்றன, அளந்த முறைகள் நம்பத்தக்கவையா என்று ஆய்வாளர்களிடையே கடுமையான சர்ச்சை நடக்கிறது. சர்ச்சை முடியும்வரை மீன் எண்ணெய்க் குப்பிகளின் விற்பனை காத்திருக்கவில்லை.

இனி ஹைட்ரோலேஸுக்கு வருகிறேன். ஏ4-ஐ பி4 ஆக்கும் அந்த நொதி. எனக்கு இந்தக் கதையிலேயே மிக ஆழமாகப் படுவது இதுதான்.

லலிதா ராமகிருஷ்ணன் வடோதராவில் வளர்ந்து, மருத்துவம் படித்து, சியாட்டிலில் காசநோயை ஆராய்ந்தவர். அவர் நோயாளியாகத் தேர்ந்தெடுத்தது ஜீப்ரா மீன் குஞ்சு. அதன் உடல் கண்ணாடி போல ஒளி புகக்கூடியது. கிருமியை மேக்ரோஃபேஜ் விழுங்குவதையும், பிறகு கிருமி மேக்ரோஃபேஜை வெல்வதையும் உயிரோடிருக்கும் குஞ்சிலேயே பார்க்கலாம். 2010-ல் அவரும் டேவிட் டோபினும் பிறரும் சேர்ந்து வெளியிட்ட ஆய்வில், காசநோய்க் கிருமியின் நெருங்கிய உறவுக் கிருமிக்கு மிக எளிதில் பலியாகும் மீன்களில் ஹைட்ரோலேஸ் மரபணு பழுதாகியிருந்தது. பி4 குறைந்தது, மிஞ்சிய ஏ4 லிப்பாக்சின் பக்கம் திரும்பியது. அழற்சி போதாமல் போனது. மேக்ரோஃபேஜுக்குள் கிருமி தடையின்றிப் பெருகி, மேக்ரோஃபேஜ் வெடித்துச் செத்தது. கிருமி வெளியே கொட்டியது.

அழற்சி போதவில்லை என்றால் கூட்டுவதுதானே வழி? ஹைட்ரோலேஸை அதிகமாக்கிய மீன்களை 2012-ல் பார்த்தார்கள். இப்போது அழற்சிக் குரலான டிஎன்எஃப் மிகையாக எழுந்தது. முதலில் மேக்ரோஃபேஜ் கிருமியை நன்றாகவே அடித்தது. பின்பு தன் சொந்த அழற்சியாலேயே வெடித்துச் செத்தது. கிருமி வெளியே கொட்டியது. குறைந்தாலும் மிகுந்தாலும் ஒரே சாவு. கிருமிக்கு இரண்டு பாதையும் ஒன்றே. மேலிருந்து பார்க்கும் மருத்துவருக்கு இரண்டு மீன்களின் நோயும் ஒரே நோயாகத்தான் தெரியும்.

அவர்கள் இதை மீனோடு விட்டுவிடவில்லை. வியட்நாமில் ஹோ சி மின் நகரத்தில் கை த்வைட்ஸ் முன்னின்று நடத்திய ஒரு சோதனை 2004-ல் வெளிவந்திருந்தது. மூளையுறையைத் தாக்கும் காசநோய் வந்த 545 பேருக்குக் காசநோய் மருந்தோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டையோ வெற்று மருந்தையோ கொடுத்தார்கள். வெற்று மருந்து பெற்றோரில் 41.3 விழுக்காட்டினர் இறந்தார்கள். ஸ்டீராய்டு பெற்றோரில் 31.8. கடுமையான ஊனம் மட்டும் குறையவில்லை. ஏன் சிலருக்கு மட்டும் உதவியது என்பது விளங்காமல் இருந்தது. மனிதரிலும் ஹைட்ரோலேஸ் மரபணுவின் முன்பகுதியில் ஒரு எழுத்து மாறுபடும் இடம் உண்டு. ஒரு வகை எழுத்து இரண்டும் இருந்தால் நொதி மிகுதி. மற்ற வகை இரண்டும் இருந்தால் குறைவு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக வந்திருந்தால் நடுவில். வியட்நாம் நோயாளிகளின் மரபணுவைத் திரும்பப் பார்த்தபோது, ஸ்டீராய்டின் பயன் நொதி மிகுதியான வகையினரிடமே தெளிவாகத் தெரிந்தது. குறைவானவரிடம் அந்தப் பயன் இல்லை. ஏற்கெனவே அழற்சி போதாமல் கிடப்பவருக்கு அழற்சியை அடக்கும் மருந்தைக் கொடுத்தால் வேறென்ன நடக்கும்? சோதனையில் மட்டும் அல்ல, உலகெங்கும் ஒரே மருந்து எல்லோருக்கும் ஏற்றப்படுகிறது. உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். குழந்தைகள் பலர் மூளையுறைக் காசநோயோடு நம் மாவட்ட மருத்துவமனைகளுக்கு மயங்கிய நிலையில் வந்து சேர்கிறார்கள். அங்கே இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவர் ஸ்டீராய்டை ஏற்றுகிறார். அவர் செய்வது தவறல்ல. வழிகாட்டி நெறி அதுவே.

இந்த அளவு அழகான கதை எங்கும் அப்படியே நிலைத்ததில்லை. இந்தோனேசியாவில் 600-க்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு 2017-ல் வெளியான ஆய்வில், அதே எழுத்து மாறுபாடு ஒட்டுமொத்த இறப்பை முன்கூட்டிச் சொல்லவில்லை. அதற்காக மீனில் கண்டது பொய்யாகிவிடாது. ஒரு எழுத்தின் சொல் எந்த ஊரில், நோயின் எந்தக் கட்டத்தில், வேறெந்த மரபணுக்களின் நடுவே கேட்கப்படுகிறது என்பதும் சேர்த்து எண்ணப்பட வேண்டும். குற்றவாளி ஒருவனே என்று நம்ப விரும்புகிற மனம் இந்தப் பட்டியலை விரும்பாது.

பி4-ஐ நேராகவே அடைத்துப் பார்த்தவர்களும் உண்டு. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற பரம்பரை நோயில் நுரையீரல் முழுக்க நியூட்ரோஃபில் குவிந்து, அவை கொட்டும் நொதிகளால் திசு அரிக்கப்படுகிறது. அழைப்பவனை அடக்கினால் கூட்டம் கலையும் அல்லவா? 420 நோயாளிகளிடம் பி4 ஏற்பியை மறைக்கும் ஒரு மருந்து சோதிக்கப்பட்டது. மருந்து பெற்ற பெரியவர்களிடம் நுரையீரல் தொற்று வெடிப்புகள் கூடியதால் சோதனை பாதியில் நிறுத்தப்பட்டது. முழு விவரம் மருத்துவ இதழில் வந்தது 2014-ல். நியூட்ரோஃபில் கூட்டம் அந்த நுரையீரலை அரித்துக்கொண்டிருந்தது உண்மை. அதே கூட்டம்தான் அங்கே குடியிருந்த கிருமிகளை மேலும் பரவாமல் காவல் காத்தும் வந்தது.

ஹைட்ரோலேஸைப் பற்றி இன்னும் ஒன்று பாக்கியிருக்கிறது. அழற்சியில் திசுவின் கொலாஜன் சிதையும்போது மூன்று அமினோ அமிலம் கொண்ட ஒரு துணுக்கு பிறக்கும். அதுவும் நியூட்ரோஃபிலை அழைக்கும். அழிந்த வீட்டின் செங்கல்லே ஆள் கூட்டுவதால், சேதம் சேதத்தைப் பெருக்கும். 2010-ல் ராபர்ட் ஸ்னெல்க்ரோவ் குழு, அந்தத் துணுக்கை உடைத்து ஒழிப்பது செல்லுக்கு வெளியே திரியும் ஹைட்ரோலேஸ் என்று காட்டியது. செல்லுக்குள் இருக்கும்போது நியூட்ரோஃபிலை அழைக்கும் பொருளைச் செய்கிற அதே நொதி, வெளியே வந்ததும் நியூட்ரோஃபிலை அழைக்கும் இன்னொரு பொருளைத் துடைத்தெறிகிறது. சிகரெட் புகை இதில் இரண்டாவது வேலையை மட்டும் முடக்குகிறது. முதலாவது வேலை தடைபடாமல் நடக்கும். மனித அறிவு மருந்தில் தேடிவந்த தேர்ந்த தடுப்பை, தவறான பக்கத்தில், சிகரெட் எப்போதோ சாதித்துவிட்டது.

இந்த ஆய்வு வரும் முன்பே ஹைட்ரோலேஸ் தடுப்பான்களைச் செய்யப் பல நிறுவனங்கள் முயன்றிருந்தன. பி4 குறைந்ததா என்று அளந்தார்கள், குறைந்தது. வெளியே அந்த நொதி பார்த்துவந்த துப்புரவு வேலையும் சேர்ந்து நின்றிருக்கக்கூடும் என்று அளக்க அவர்களுக்குக் காரணம் இருக்கவில்லை, ஏனென்றால் அப்படி ஒரு வேலை இருப்பதே தெரியாது. இப்போது தெரிந்துவிட்டது. எனவே பி4 செய்யும் வேலையை மட்டும் நிறுத்தி, துப்புரவு வேலையைத் தொடாமல் விடும் மூலக்கூறுகளை ஆய்வகங்களில் வடிவமைக்கிறார்கள். துப்புரவு வேலையை ஊக்கும் ஒன்று எலியின் நுரையீரல் சேதத்தைக் குறைத்தும் இருக்கிறது. 1990-களில் காக்ஸ்-1, காக்ஸ்-2 என்ற இரண்டு நொதிகளுக்கு நடுவே நல்லது கெட்டது பிரித்தோம். இப்போது ஒரே நொதியின் இரண்டு முகங்களுக்கு நடுவே பிரிக்கிறோம். ஹைட்ரோலேஸுக்கு மூன்றாவது வேலை ஏதும் இல்லை என்று இந்த மருந்துகளைச் சோதிக்கும் குழுக்களில் யாராவது எழுத்தில் உறுதி தந்தால், அந்தக் காகிதத்தைப் பார்க்க எனக்கு ஆவல்.